காமா கதிர் எங்கே?

அன்புள்ள ஐயா,

ரேடியோ அலைகளை வலுவாக உமிழும் காலக்ஸியான சைக்னஸ் ஏ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இப்படிப்பட்ட ரேடியோ காலக்ஸிகளின் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர் எங்கே பிறக்கிறது? கருந்துளை அருகிலா, அது பீய்ச்சும் தாரையிலா? விஞ்ஞானிகளே மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். எதைத்தான் நம்புவது? இதெல்லாம் முன்னோருக்கே தெரியும் என்கிறார் நண்பர். செமினாருக்கு ஒரே வரியில் பதில் வேண்டும்.

இயற்பியல் முதுகலை மாணவன், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

நண்பரை விட்டுவிடுங்கள். ஒரே வரியும் கிடையாது. மையத்தில், கருந்துளையை ஒட்டிச் சுழலும் சூடான வாயு. தாரை போய் முடியும் வெகு தூரத்து வாயு மடல்களில், பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலை ஒளியை எலெக்ட்ரான்கள் மோதி எக்ஸ் கதிராக உயர்த்துகின்றன. இவற்றில் பெரிய சண்டை இல்லை. தாரைதான் வில்லங்கம். நானும் சில நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1999-ல் சந்திரா தொலைநோக்கியின் குவியத்தைச் சரிபார்க்க பிகேஎஸ் 0637-752 என்ற குவேசாரை, அதாவது கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் ஒரு காலக்ஸி மையத்தைப் பார்த்தார்கள். புள்ளியை எதிர்பார்த்த இடத்தில் மூன்று லட்சம் ஒளியாண்டுக்குக் குறையாத எக்ஸ் கதிர்த் தாரை. தாரை ஏறக்குறைய ஒளிவேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, அங்கேயும் எலெக்ட்ரான்கள் அதே நுண்ணலை ஒளியைத்தான் மோதுகின்றன என்றார்கள். கணக்கு அழகாகப் பொருந்தியது. பலருக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் ஐயா பெட்டியடிப் பையனாக ரங்கூன் போய்க் கணக்குப் படித்தவர். ஊரில் யாராவது ஐந்தொகை நேராகிவிட்டது என்று பேரேட்டை நீட்டினால் கூட்டுத்தொகையைப் பார்க்கவே மாட்டார். "நேராகுறது பெரிசில்லப்பா. இந்த வரவு நெசம்னா இன்னொருத்தன் ஏட்டுல பற்று இருக்கணுமே, அதைக் காட்டு" என்பார். முகம் சுருங்கிப் போனவர்கள் உண்டு.

இங்கே அந்த இன்னொரு ஏடு காமா கதிர். நுண்ணலை விளக்கம் உண்மையானால், அதே எலெக்ட்ரான்கள் காமா கதிரையும் தந்தாக வேண்டும்; எவ்வளவு என்றுகூடக் கணக்கிடலாம். 2008-ல் ஏவப்பட்ட ஃபெர்மி காமா கதிர்த் தொலைநோக்கி பல ஆண்டு பார்த்தும் அந்த அளவு வரவில்லை. 2014-ல் 3சி 273 என்ற இன்னொரு குவேசார், அடுத்த ஆண்டு இந்த 0637: இரண்டு தாரைகளிலும் விளக்கம் விழுந்தது. இதையா மாற்றிப் பேசுவது என்கிறீர்கள்? முதுகலை படிக்கிறவர் கேட்கிற கேள்வியா இது? எந்த அளவீட்டில் தோற்கும் என்று முன்பே சொல்லியிருந்தது, அதில் தோற்றது. நீங்கள் நம்பும் எதையாவது இப்படி ஏட்டோடு நிறுத்திப் பார்த்ததுண்டா?

மிஞ்சுவது சிங்க்ரோட்ரான்: காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள் உமிழ்வது. அதிலும் ஒரு சிக்கல். எக்ஸ் கதிர் தருமளவு ஆற்றலுள்ள எலெக்ட்ரான் சீக்கிரமே அதை இழந்துவிடும். மையத்தில் புறப்பட்டு இத்தனை தூரம் வர முடியாது. ஆகவே வழியிலேயே முடுக்கப்படுகின்றன. சென்டாரஸ் ஏ என்ற ரேடியோ காலக்ஸியின் தாரை நெடுகிலும் மிக உயர் ஆற்றல் காமா கதிர் வருவதை 2020-ல் ஹெஸ் என்ற காமா கதிர்த் தொலைநோக்கிக் குழு காட்டியது. அப்படிப்பட்ட எலெக்ட்ரான்கள் அங்கே இருப்பது அதில் தெரிந்தது.

முடுக்குவது அதிர்வலையா, காந்தப்புலக் கோடுகள் அறுந்து சேர்வதா? சண்டை ஓயவில்லை. நான் அதிர்வலைப் பக்கம். நீங்கள் மறுபக்கம் என்றால் எழுதுங்கள், காந்தப்புலத்துக்கு ஒரு எண்ணோடு.