கட்டைவிரலை வைத்து ஒரு கேள்வி

அன்புள்ள அம்மா,

தண்டையார்பேட்டையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பிளஸ் ஒன் படிக்கும் மகன், நண்பன் வீட்டு வி.ஆர். கண்ணாடியை (கண்முன் முப்பரிமாண உலகைக் காட்டும் கருவி) மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நட்சத்திரம் பார்க்கிறான், "இதைத்தான் படிப்பேன்" என்கிறான். இது படிப்பா விளையாட்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவன் பார்ப்பது கற்பனைப் படம் இல்லை. நீங்கள் குறிப்பிட்ட கையா ஸ்கை, ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள். 2013-இல் ஐரோப்பியர்கள் அனுப்பிய கையா விண்கலம் சுமார் 180 கோடி விண்மீன்களைப் பதிவு செய்தது. அந்த அளவீடுகள்தான் அதில் காட்சியாகின்றன. சேர்ந்து நகரும் விண்மீன் கூட்டங்களை ஆராய நாசா ஆய்வாளர்களும் வி.ஆரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒன்று செய்யுங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலை ஒரு கண்ணால் பாருங்கள், அப்புறம் மறு கண்ணால். விரல் இடம் மாறியதுபோல் தெரியும். "ஏன்டா இப்படி?" என்று அவனைக் கேளுங்கள். பூமியின் சுற்றுப்பாதையில் ஆறு மாதம் இடைவெளி விட்டுப் பார்த்தால் பக்கத்து விண்மீனும் இப்படித்தான் துளி நகர்ந்து தெரியும். அதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். வி.ஆர். கண்ணாடியும் இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறான படங்களைக் காட்டித்தான் ஆழத்தை உண்டாக்குகிறது. இதை அவன் விளக்கினால், அல்லது தெரியாமல் விழித்துவிட்டு மறுநாள் தேடிப் பிடித்து வந்து சொன்னால், தைரியமாகப் படிக்க விடுங்கள். காட்சி மட்டும்தான் பிடித்திருக்கிறது என்றால் பொழுதுபோக்காக இருக்கட்டும், தப்பில்லை.

வானியல் ஆராய்ச்சி நீண்ட வழி. இயற்பியலில் முதுநிலை, பிஎச்.டி. என்று பத்து வருடம் ஓடிவிடும், இடங்களும் குறைவு. வீட்டு நிலைமையைச் சொன்னீர்கள், அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் வழியில் கற்கும் கணக்கும் பைத்தான் என்ற கணினி மொழியும் முப்பரிமாண நிரலாக்கமும் வேறு இடத்திலும் சோறு போடும். கிரேன் ஓட்டுநர்களுக்குச் சிமுலேட்டரில், அதாவது இதுபோன்ற நிரலாக்கத்தில் செய்த போலி கிரேனில், பயிற்சி தருகிறார்கள் அல்லவா? துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவன் அப்பாவுக்கு இது சட்டென்று புரியும்.

தயவுசெய்து, "வி.ஆர். கோர்ஸ், வேலை உத்தரவாதம்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். முதலில் பிளஸ் டூ கணக்கும் இயற்பியலும். அப்புறம் வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி போல ஓர் அரசுக் கல்லூரி போதும். கூடவே ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பையும் படிக்கலாம். அதற்கு ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே தகுதித் தேர்வு வைக்கிறார்கள்.

கண்ணாடி வாங்கித் தரவும் வேண்டாம். கையா ஸ்கை கணினித் திரையிலேயே ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு அவனோடு நீங்களும் போய் வாருங்கள்.