டாக்டர் ஏன் ஆண்டிபயாடிக் கொடுக்கவில்லை?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காய்ச்சலைப் பற்றியவை. நான் டாக்டர் இல்லை. பினாங்கில் 31 ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் இரத்தமும் சளியும் பரிசோதித்து ஓய்வு பெற்றவள். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, என் மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல், உடம்பு வலி. கிளினிக்கில் 60 வெள்ளி வாங்கிக்கொண்டு, “வைரஸ் காய்ச்சல், தானாகப் போய்விடும்” என்று பனடோல் மட்டும் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இதே மாதிரி இருமலுக்கு ஆண்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். எங்களை ஏமாற்றிவிட்டார்களா? – வாசகி, பிறை

இல்லைம்மா. அந்த டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

பாக்டீரியா தனிக்குடித்தனம் நடத்துகிற உயிர். அதற்குச் சொந்தச் சுவர் உண்டு, சொந்த அடுப்பு உண்டு. தானே சாப்பிட்டு, தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். பென்சிலின் வகை மருந்துகள் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. வேறு சில, அது புரதம் செய்கிற இடத்தை அடைத்துவிடுகின்றன. நம் உடம்பின் செல்லுக்கு அந்தச் சுவர் கிடையாது, நம் புரதக் கூடத்தின் அமைப்பும் வேறு. அதனால்தான் மருந்து கிருமியை அடிக்கிறது, நம்மை விட்டுவிடுகிறது.

வைரசுக்கு இது எதுவுமே இல்லை. ஒரு மரபுச் செய்தி, அதைச் சுற்றி ஒரு புரத உறை, சிலவற்றுக்கு அதன்மேல் மெல்லிய கொழுப்புப் படலம். அவ்வளவுதான். அது சாப்பிடாது, மூச்சு விடாது, வளராது. ஆண்டிபயாடிக் போய் எதை அடிக்கும்?

அப்படியென்றால் உயிரே இல்லாத மாதிரி கிடக்கும் ஒன்று பிள்ளையை எப்படிப் படுக்க வைக்கிறது? கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய சமையல்காரரின் முத்திரை போட்ட சீட்டு வந்தால், அதில் இருப்பதை ஆட்கள் அப்படியே சமைப்பார்கள். ஃபுளு வைரஸ் மூச்சுக்குழாயின் செல்லில் இருக்கும் ஒரு சர்க்கரை மூலக்கூறைப் பிடித்து ஒட்டிக்கொள்கிறது. செல் அதை ஏதோ பொருள் என்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே புளிப்பு ஏற ஏற உறை திறந்து, அதன் 8 துண்டுச் செய்தியும் செல்லின் கருவுக்குள் போய்ச் சேர்கின்றன. அங்கே நம்முடைய சீட்டுகளின் முத்திரை போட்ட தலைப்பகுதியைக் கிழித்துத் தன் சீட்டின்மேல் ஒட்டிக்கொள்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் வெட்டி ஒட்டுகிறது. அப்புறம் நம் செல், நம் அரிசி பருப்பைப் போட்டு, ராத்திரி பகலாக வைரஸைச் சமைத்துத் தள்ளுகிறது. வெளியே போகும் ஒவ்வொன்றும் நம் செல்லின் படலத்திலேயே கொஞ்சம் எடுத்துப் போர்த்திக்கொண்டு போகிறது. கடைசியில் அந்தச் செல் செத்து உதிர்கிறது.

இருமலும் தொண்டை எரிச்சலும் பெரும்பாலும் இந்தச் சேதத்தால் வருபவை. ஆனால் காய்ச்சலும் உடம்பு வலியும் அப்படி இல்லை. ஃபுளு வைரஸ் கால் தசைக்குள் போய் உட்காருவதில்லை, ஆனாலும் கெண்டைக்கால் குடைகிறது. ஏன்? தாக்கப்பட்ட செல் பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. அந்த எச்சரிக்கைப் பொருள்களில் ஒன்றுதான் இன்டர்ஃபெரான், 1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லின்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்தது. அதுவும் அதன் கூட்டாளிகளும் இரத்தத்தில் ஏறும்போது உடம்பு சூடாகிறது, மூட்டு வலிக்கிறது, படுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. உங்கள் மகனின் காய்ச்சல் அவன் உடம்பு போடும் சண்டையின் சூடு.

பக்கத்து வீட்டுப் பிள்ளை விஷயம் வேறாக இருக்கலாம். வைரஸ் மூச்சுக்குழாயைச் சுரண்டிவிட்டுப் போன இடத்தில் சில சமயம் பாக்டீரியா குடியேறும். நன்றாகிக்கொண்டிருந்த பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் ஏறி, மூச்சு வாங்க ஆரம்பித்தால் அதுதான் சந்தேகம். அப்போது ஆண்டிபயாடிக் வேண்டும், கண்டிப்பாக வேண்டும். தேவையில்லாத நேரத்தில் கொடுத்துக்கொண்டே இருந்தால், தேவைப்படும் அன்று அது வேலை செய்யாமல் போகும். மருந்துக்கு மசியாத கிருமிகள் வளர்ந்த தட்டுகளை எத்தனையோ முறை என் கையில் பிடித்திருக்கிறேன். அந்த அறிக்கையை வார்டுக்கு அனுப்பும்போது மனது கனக்கும்.

ஒன்று மட்டும். மூன்று நாளாகியும் காய்ச்சல் நிற்கவில்லை என்கிறீர்கள். நம் ஊரில் அப்படியென்றால் டிங்கிக்கு இரத்தம் பார்த்துவிட வேண்டும். இன்றைக்கே போங்கள்.

வைரஸை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா? – படிவம் 5 மாணவர், ஆயர் ஈத்தாம்

வைரஸைப் பார்த்ததில்லை தம்பி, அது செய்த வேலையைப் பார்த்திருக்கிறேன். டிங்கி வைரஸ் சுமார் 50 நானோமீட்டர். உன் அடிக்கோலில் 1 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் 20,000 டிங்கி வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். பள்ளி ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கிக்கு அது சிக்காது, எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறு மாதப் பயிற்சிக்குக் கோலாலம்பூர் போயிருந்தேன். அங்கே தட்டையான குப்பிகளில் ரோஜா நிற நீரில் செல்களை வளர்ப்பார்கள். வீரோ செல் என்று பெயர். 1962-ல் ஜப்பானில் ஒரு ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை, இன்றுவரை உலகம் முழுக்க வளர்ந்துகொண்டிருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் பண்டான் ஓலைப் பாய் மாதிரி இடைவெளி இல்லாமல் பரவிக் கிடக்கும். அதன்மேல் நோயாளியின் மாதிரியில் ஒரு சொட்டு. முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாளும் தெரியாது. மூன்றாம் நாள் காலை பார்த்தால் பாயில் ஓட்டை! செல்கள் உருண்டு திரண்டு, மினுமினுத்து, தரையை விட்டுக் கழன்று மிதக்கும். மாலைக்குள் ஓட்டை பெரிதாகியிருக்கும். அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனிதரின் நுரையீரலில் இதுதானே நடந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது.

இந்தப் பாயில்தான் நம் நாட்டின் பெரிய புதிர் ஒன்று அவிழ்ந்தது. 1998-ல் ஈப்போ பக்கம் மூளைக்காய்ச்சல் பரவியது, பிறகு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்துக்கு வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணையில் வேலை செய்த, வயது வந்த ஆண்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் தண்டுவட நீரை வீரோ செல்லில் விட்டுப் பார்த்தார். செல்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து, பல கரு கொண்ட பூதச் செல்களாக மாறின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்யாது. மாதிரிகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது உலகம் அதுவரை அறியாத வைரஸ் என்று தெரிந்தது. அந்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு ஆனது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். வைரஸ் பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்தது என்பது பின்னால் தெரிந்தது.

ஒரு குப்பியைக் கவனமாகப் பார்த்த ஒரு ஜோடிக் கண்கள் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கின்றன, பார்! அறிவியல் பிரிவு எடுப்பதா என்று யோசிக்கிறாய் என்றால், எடு.

எனக்கு வயது 63. இடுப்பில் இடது பக்கம் அக்கி வந்து நெருப்பாக எரிகிறது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா, “இது பாம்பு, தலையும் வாலும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து” என்கிறார். ஆறு மாதப் பேத்தியைத் தூக்கலாமா? – வாசகி, ஜெலுத்தோங்

அக்கா, சிறு வயதில் உங்களுக்கு அம்மை போட்டதா? வேப்பிலையில் படுக்க வைத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்களா? அன்று வந்த அதே வைரஸ்தான் இது. வெளியிலிருந்து புதிதாக எதுவும் வரவில்லை.

சின்னம்மைக் கொப்புளம் காய்ந்து உதிர்ந்த பிறகும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. தோலிலிருந்து நரம்பு வழியாக ஏறி, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய் ஒடுங்கிவிடுகிறது. அங்கே எதையும் சமைக்காது, யாரையும் தொந்தரவு செய்யாது. ஐம்பது, அறுபது ஆண்டுகூட அப்படிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஏதோ ஒரு முடிச்சில் விழித்து, அதே நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்குகிறது. நரம்பிலேயே புண் என்பதால்தான் அந்த எரிச்சல். இதைக் கண்டுசொன்னவர் பெரிய ஆய்வுக்கூடத்துக்காரர் இல்லை. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊரில் குடும்ப டாக்டராக இருந்த ஹோப் சிம்ப்சன், தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 ஆண்டுகள் குறித்து வைத்து 1965-ல் எழுதினார்.

பாம்பு விஷயத்துக்குப் பயப்படாதீர்கள். இடது பக்க நரம்பு வேறு, வலது பக்க நரம்பு வேறு. அதனால்தான் உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் பட்டை போட்டது மாதிரி வந்து நடுக்கோட்டில் நிற்கிறது. சுற்றி வந்து சேர்ந்து உயிரை எடுப்பதெல்லாம் இல்லை. ஆனால் நெற்றியிலோ கண்ணருகிலோ வந்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், பார்வை போய்விடலாம்.

என் பாட்டி தோட்டத்தில் இருந்த காலத்தில் குயவரைக் கூப்பிட்டுக் காவியால் அக்கி எழுதுவார்களாம். அந்தக் கையில் இருந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் உடைந்த கொப்புளத்தின்மேல் எதையும் பூச வேண்டாம். இன்று இதற்கு மருந்து இருக்கிறது, அசைக்ளோவிர். மற்ற செல்களில் சும்மா கிடக்கும், வைரஸ் புகுந்த செல்லில் அந்த வைரஸின் நொதியே அதைத் தூண்டிவிடும், உடனே பிரதி எடுக்கும் வேலை நின்றுபோகும். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன், ஆகவே இதைப் படித்ததும் கிளம்புங்கள். அக்கி வராமல் தடுக்கும் ஊசியைப் பற்றி, குணமான பிறகு டாக்டரிடம் கேளுங்கள்.

பேத்தி. கொப்புள நீர் பட்டால் அவளுக்கு அக்கி வராது, சின்னம்மை வரலாம். எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தூக்க வேண்டாம். சில நாள்தான், ஆனாலும் உங்களுக்குக் கஷ்டம்தான், தெரிகிறது.

2019-ல் எனக்கு டிங்கி வந்து போய்விட்டது. இனி வராதுதானே? – வாசகர், பாயா தெருபோங்

வரும் அண்ணே. டிங்கியில் 4 வகை. ஒன்று வந்துபோனால் அந்த வகைக்குத்தான் நீண்ட காலப் பாதுகாப்பு. வேறு வகை வந்தால், முதல் தடவை உண்டான எதிர்ப்பொருள் அதைப் போய்ப் பிடிக்கும், ஆனால் முடக்காது. வெள்ளணு அந்த எதிர்ப்பொருளை நம்பி விழுங்கும்போது வைரஸும் உயிர்ப்போடு உள்ளே போய்ப் பெருகும். இரண்டாம் டிங்கி கடுமையாவதற்கு இது ஒரு காரணம். இரத்தக்கசிவு டிங்கி நம் நாட்டில் முதன்முதலாகப் பதிவானதே 1962-ல் நம் பினாங்கில்தான்.

என் தம்பிக்கு இரண்டாவது முறை வந்தபோது ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அன்று மாலையே வயிற்று வலி, இரண்டு முறை வாந்தி, கை சில்லென்று இருந்தது. டிங்கியில் காய்ச்சல் விடும் நேரம்தான் இரத்தக்குழாய் கசியும் நேரம். நீர் வெளியே கசிய, உள்ளே இரத்தம் கெட்டியாகும். மருத்துவமனையில் பார்த்தபோது இரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) 24,000-க்கு இறங்கியிருந்தது, 1,50,000-க்கு மேல் இருக்க வேண்டியது. நான்கு நாள் நீர் ஏற்றித்தான் மீட்டார்கள்.

ஆகவே அடுத்த முறை காய்ச்சல் வந்தால் “எனக்கு ஏற்கெனவே டிங்கி வந்திருக்கிறது” என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரோஃபென் எடுக்கவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பனடோல் போதும், அதுவும் அளவோடு. காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் வீட்டில் ஒருவர் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.