ராசிக்கட்டத்துக்குள் ஒரு விண்வெளிக் கதை

கேள்வி: உங்கள் இதழின் இளையோர் நூல் பகுதியில், ரோமினா ரஸ்ஸல் எழுதிய 'சோடியாக்' என்னும் ஆங்கில நாவலைப் பாராட்டியிருந்தீர்கள். நம்பி வாங்கிக் கொடுத்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் இளைய மகள் இப்போது வீட்டுக்கு வருபவர்களையெல்லாம் "நீங்கள் எந்த ராசி வீடு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாதந்தோறும் மூடநம்பிக்கையைச் சாடும் இதழே ஜோதிடத்தைக் கதையாக்கிப் பிள்ளைகளுக்கு ஊட்டலாமா? நான் ஜாதகத்தை அடியோடு மறுப்பவன் அல்லன். மூத்தவளுக்குப் பொருத்தம் பார்த்துத்தான் வரன் தேடிக்கொண்டிருக்கிறேன். அது பெரியவர்கள் விஷயம். பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் அறிவியல் அல்லவா இருக்க வேண்டும்? இனியும் இத்தகைய நூல்களைப் பரிந்துரைப்பீர்களா?
— ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: மூத்த மகளைப் பற்றி நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நாவல்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். 2014இல் வந்த நூல். 2017க்குள் நான்கு பாகங்களாக வளர்ந்து முடிந்தது. அந்தக் கதையில் பன்னிரண்டு ராசிகளும் மனிதர்கள் குடியிருக்கும் பன்னிரண்டு உலகங்கள்; ஒவ்வொன்றுக்கும் 'வீடு' என்று பெயர். நாயகி ரோ, கடக வீட்டைச் சேர்ந்த பதினாறு வயதுப் பெண். கடகம் கடல் சூழ்ந்த உலகம். அதற்கு நிலவுகள் உண்டு. நிலவு ஒன்றில் உள்ள கல்விக்கூடத்தில் அவள் விண்மீன் பார்க்கப் படிக்கிறாள். நண்பர்களின் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். கருவி வைத்து அளந்து பலன் சொல்லும் தேர்வில் மட்டும் தேற மாட்டாள். வானத்தைப் பார்த்து மனத்தில் தோன்றுவதைக் கதையாகச் சொல்வதுதான் அவள் வழி. பன்னிரண்டு வீடுகளுக்கும் அப்பால் ஏதோ இருள் அசைகிறது என்கிறாள். கருவி அதைக் காட்டவில்லை, எனவே ஆசிரியர் ஏற்கவில்லை. பிறகு நிலவுகள் வெடிக்கின்றன. கடகத்தின் தலைவரான 'காவலர்' இறந்துபோக, அந்தப் பொறுப்பு இந்தச் சிறுமியின் தலையில் விழுகிறது. செய்தவன் விரட்டப்பட்ட பதின்மூன்றாம் வீட்டுக்காரன் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறாள். பிள்ளைகளைப் பயமுறுத்தப் பாடும் பாட்டில் வருகிற பூச்சாண்டி அவன். யார் நம்புவார்கள்?

இதில் எந்த இடத்தில் ஐயா ஜோதிடப் பிரசாரம் இருக்கிறது? நட்சத்திரம் பார்த்து நல்ல நாள் குறிக்கச் சொல்கிறதா? தோஷத்துக்குப் பரிகாரம் சொல்கிறதா? ஆபத்தை முதலில் பார்த்த ஒருத்தியை, வயதையும் தேர்வு மதிப்பெண்ணையும் காட்டி ஊரே வாயடைக்கிற கதை இது. ராசி அதற்கு மேடை, அவ்வளவுதான்.

அந்த ராசியும் உங்கள் வீட்டு ஜாதகத்தில் உள்ள ராசி அன்று என்பதை உங்கள் மகள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பாள். மேலை நாட்டில் ஒருவரின் ராசி, பிறந்தபோது சூரியன் நின்ற இடம். நமக்கோ சந்திரன் நின்ற இடம். அங்கே ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை பிறந்தவர்கள் கடகம். இங்கே புனர்பூசம் நான்காம் பாதம், பூசம், ஆயில்யம் என்றால் எந்த மாதத்தில் பிறந்தாலும் கடகம். போதாததற்கு, பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதை அவர்கள் கணக்கில் கழிப்பதில்லை, நம்மவர்கள் கழிக்கிறார்கள். இரண்டுக்கும் இன்று ஏறத்தாழ 24 பாகை (டிகிரி) வித்தியாசம். அதனால்தான் சூரியன் கடகத்துக்குள் நுழைவது அவர்களுக்கு ஜூன் 21 வாக்கில், நமக்கு ஆடி முதல் தேதி. ஒரே வானம், ஒரே சூரியன், இரண்டு பஞ்சாயத்து. பதினைந்து வயதில் ஒரு பெண் இதைத் தானே கணக்குப் போட்டுப் பார்த்தால், நான் எழுதும் பத்துத் தலையங்கங்களைவிட அது நன்றாக வேலை செய்யும்.

அறிவியல்தான் வேண்டும் என்கிறீர்கள். அதற்கும் இந்த நாவலே வாசல். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முன்னிரவில் மகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். மிதுனத்தின் இரட்டை விண்மீன்களுக்கும் சிம்மத்தின் மகத்துக்கும் நடுவே, பளிச்சென்று எதுவும் இல்லாத மங்கலான பகுதிதான் கடகம். சாதாரண பைனாகுலரை அங்கே திருப்பினால் ஒரு மீன்கூட்டம் சிதறிக் கிடப்பது தெரியும். அது நம்மிடமிருந்து ஏறக்குறைய 600 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதே கடகத்தில் '55 கான்கிரி' என்றொரு விண்மீன் 41 ஒளியாண்டில் இருக்கிறது. நமக்கு ஒரே இடமாகத் தெரிகிற ராசி, உண்மையில் ஓரிடமே அன்று. முன்னும் பின்னுமாகக் கிடக்கும் மீன்களை நாம் நின்ற இடத்திலிருந்து சேர்த்துப் பார்க்கிறோம். அந்த 55 கான்கிரியைச் சுற்றி ஐந்து கோள்கள் இருப்பது தெரியவந்திருக்கிறது. அவற்றில் ஒன்றுக்கு ஓர் ஆண்டு என்பது பதினெட்டு மணி நேரத்துக்கும் குறைவு. கடல் இருக்கிற உலகமாக அது இருக்க வழியில்லை, கொதிக்கிற உலகம். ஆனால் 'கடகத்தில் உலகங்கள்' என்பது வெறும் கற்பனை அன்று என்று அவளிடம் தாராளமாகச் சொல்லலாம்.

பதின்மூன்றாம் வீட்டையும் நாவலாசிரியர் வானத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார். விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் இடையில், பாம்பைப் பிடித்து நிற்கும் ஆளாகக் கிரேக்கர்கள் கண்ட மீன்கூட்டம் அது; ஒஃபியூக்கஸ் என்று பெயர். வானியலாளர்கள் வகுத்த எல்லைப்படி சூரியன் விருச்சிகத்தில் இருப்பது ஒரு வாரம்தான்; இந்தப் பாம்புக்காரரிடம் நவம்பர் இறுதியிலிருந்து பதினெட்டு நாள் தங்குகிறது. இருந்தும் ராசிப் பட்டியலில் அவருக்கு இடம் இல்லை. வானத்தை முப்பது முப்பது பாகையாகப் பன்னிரண்டாகப் பங்கிட்டவர்களுக்குப் பதின்மூன்றாவது ஆள் இடைஞ்சல். அப்படித் தள்ளப்பட்டவருக்குக் கோபம் இருக்குமே என்று ஒரு கதாசிரியர் யோசித்தால் அது கதை புனைகிற கெட்டிக்காரத்தனம்.

வானத்தில் சகுனம் பார்ப்பது இலக்கியத்துக்கு ஆகாது என்றால் முதலில் புறநானூற்றைப் பூட்டி வைக்க வேண்டும். 229ஆம் பாடலில் கூடலூர் கிழார், பங்குனி நள்ளிரவில் ஒரு மீன் எரிந்து விழுவதைப் பார்க்கிறார். எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது என்று வரிசையாகச் சொல்கிறார். அரசனுக்கு ஏதும் வந்துவிடக் கூடாதே என்று அஞ்சுகிறார். ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் இறந்துபோகிறான். முரசு கண் கிழிந்து உருள்கிறது, வெண்குடை காம்பு ஒடிந்து கிடக்கிறது. அதே தொகுப்பில் 124ஆம் பாடலில் கபிலர், கெட்ட நாளில் கிளம்பி, பறவைச் சகுனம் தடுத்தும் கேளாமல், வேளை பாராமல் போய் நின்றாலும் வள்ளல் மலையமான் வீட்டிலிருந்து யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று பாடுகிறார். இரண்டையும் ஒரே நூலில் கோத்துவைத்த பழந்தமிழர்களுக்குப் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த நாவலில் எனக்குப் பிடிக்காதது வேறு. நீங்கள் அதைச் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. கடகத்தில் பிறந்தால் பாசக்காரர், துலாத்தில் பிறந்தால் நியாயவாதி, கன்னியில் பிறந்தால் எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்பவர். ஒரு பாத்திரம் உள்ளே வருவதற்கு முன்பே அதன் குணம் வாசலில் வந்து நிற்கிறது. வீடு விட்டு வீடு காதலித்தால் கூடாது என்ற கட்டுப்பாடும் அங்கே உண்டு. பிறந்த வீடு குணத்தைச் சொல்லும், யாரைக் கட்டலாம் என்பதையும் சொல்லும்: இதை வேறு பெயரில் நாம் நன்றாக அறிவோம். ஆசிரியர் இதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார். ரோவின் மனம் துலாம் வீட்டுப் பையனிடம் போகிறது. வீட்டுக்குரிய குணம் பொருந்தாதவர்களை ஊர் எப்படி நடத்துகிறது என்பது அடுத்த பாகங்களில் பெரிதாகிறது. ஆனால் கேள்வி கேட்கிற கதையே அந்த வார்ப்புகளை வைத்துத்தான் பாத்திரங்களையும் செய்கிறது. பாதித் துணிச்சல். உங்கள் மகள் வருபவர்களிடம் வீடு கேட்கிறாள் என்றால், "பதிலை வைத்து அவர்களை எப்படி எடை போடுகிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். நீங்கள் இருவரும் பேச வேண்டியது அங்கே இருக்கிறது.

இனி மூத்த மகள். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது என்று எத்தனை பெண்களின் ஜாதகம் மஞ்சள் தடவிய உறையோடு திரும்பி வந்திருக்கிறது! செவ்வாய் இருக்கும் இடத்தைச் சொல்லி எத்தனை பேருக்கு வயது ஏற்றியிருக்கிறோம்! ரோவின் உலகத்தில் பிறந்த வீட்டின் பெயரால் நடப்பதை உங்கள் இளைய மகள் முந்நூறு பக்கத்துக்கு மேல் படித்துக் கோபப்படுகிறாள். அடுத்த அறையில் அக்காவுக்கு நடப்பது 'பெரியவர்கள் விஷயம்' என்கிறீர்கள். அவள் கேட்கிற கேள்வி உங்களுக்குப் புத்தகத்தால் வந்த தொல்லையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

கடைசிக் கேள்விக்கு: ஆம், பரிந்துரைப்போம். அடுத்த மாதம் பேய்க் கதைகள்.