நேர்ந்துகொண்டது நீங்கள், போக வேண்டியது அவன்

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகன் குறைமாதத்தில் பிறந்து, பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தபோது, பிழைத்தால் ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்று பொருத்தனை பண்ணினேன். இப்போது பி.காம். முடித்துவிட்டான். பி.டி. என்கிற இறையியல் பட்டம் படிக்க இன்னும் நான்கு வருடம் ஆகும் என்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஊழியர் ஒருவர், செமினரிக்குப் போனால் இருக்கிற ஆவியின் அபிஷேகமும் போய்விடும், மூன்று மாதப் பயிற்சி போதும், சான்றிதழும் நானே தருகிறேன் என்கிறார். பட்டறை மாடியிலேயே சபை தொடங்க இடம் இருக்கிறது. என் மனைவியின் அக்காவுக்கும் இதைப் பற்றிச் சொப்பனம் வந்திருக்கிறது. பேதுரு எந்தக் கல்லூரியில் படித்தார்? நான்கு வருடத்தை வீணாக்க வேண்டுமா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தகப்பனார், சேலம்

பதில்: ஐயா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே இருப்பது சுருக்கம்தான். முழுவதையும் மூன்று முறை வாசித்தேன். உங்கள் பொருத்தனை இருக்கிறது, ஊழியரின் வாக்கு இருக்கிறது, பெரியம்மாவின் சொப்பனம் இருக்கிறது, மாடியின் நீள அகலம்கூட இருக்கிறது. உங்கள் மகன் என்ன சொன்னான் என்பது மட்டும் ஒரு வரிகூட இல்லை. இருபத்தொரு வயதுப் பிள்ளை. அவனைப் பற்றி நான்கு பக்கம் எழுதி, அவன் பேசிய ஒரு வார்த்தையையும் எழுதவில்லை. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வேதாகமத்தில் பிள்ளையில்லாத அன்னாள் பொருத்தனை பண்ணினாள், பிறந்த சாமுவேலைக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டாள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அடுத்த அதிகாரங்களையும் வாசியுங்கள். தாய் நேர்ந்து விட்ட பிள்ளைதான், ஆலயத்திலேயே வளர்ந்த பிள்ளைதான். ஆனாலும் கர்த்தர் அவனை அவன் பெயரைச் சொல்லித் தனியாக ஒருமுறை கூப்பிட வேண்டியிருந்தது. அம்மா சொன்னதே போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கூப்பிட்டது யார் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியவில்லை. மூன்று தடவை எழுந்து ஆலயத்து ஆசாரியன் ஏலியிடம் ஓடுகிறான். மூன்றாவது தடவைதான் அது யாருடைய குரல் என்று ஏலிக்குப் புரிகிறது. அழைப்பு அவனுடையது, அதை அடையாளம் கண்டது இன்னொருவர். ஊழிய அழைப்பு என்பதற்கு இந்த இரண்டும் வேண்டும். உங்கள் வீட்டில் இப்போதைக்கு இரண்டுமே நடக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நேர்ந்துகொண்டது நீங்கள். அதற்கு நன்றி சொல்லிப் படைக்க உங்கள் சொந்த வாழ்க்கை இருக்கிறது, உங்கள் பட்டறை இருக்கிறது. அவன் வாழ்க்கையை அவன்தான் கொடுக்க முடியும்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

நான் இறையியல் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது, டிசம்பர் மாதம் ஊழியப் பயிற்சிக்காக என்னை ஏற்காட்டுக்கு அனுப்பினார்கள். சேலத்திலிருந்து பஸ், இருபது கொண்டை ஊசி வளைவு, அப்புறம் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் நடை. பழம் பறிக்கிற காலம். எடை போட்டு முடித்து, பெண்கள் இடுப்பில் கட்டிய பையை அவிழ்த்து வைத்து, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆராதனை. கழுவினாலும் விரலில் கறை போகாது. பழத்தோல் புளித்த வாசனை தொழிலாளர் குடியிருக்கிற லைன் வீடு வரைக்கும் வரும். தோட்ட வேலைக்காரர்களுக்குத் தோட்ட உவமைதானே பொருத்தம் என்று, மத்தேயு இருபதாம் அதிகாரம், திராட்சத் தோட்டத்து வேலையாட்கள் கதையை எடுத்துப் பிரசங்கித்தேன். காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் ஒரு பணம். தேவ கிருபை என்று முடித்தேன்.

முடிந்ததும் ஒரு அம்மா எழுந்து கேட்டார். "ஐயா, பதினோரு மணிக்கு வந்தவங்களுக்கு முழுக் கூலியா? இங்க எட்டு மணிக்கு மேல வந்தா மேஸ்திரி காட்டுக்குள்ளயே விடமாட்டாருங்க. எங்களுக்கெல்லாம் கிலோவுக்குத்தான் காசு. அந்த மொதலாளி செஞ்சது தப்புத்தானுங்களே?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. "அது பரலோகக் கணக்கும்மா" என்று ஏதோ சொன்னேன். அந்த அம்மா "சரிங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தச் "சரிங்க" இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. முதல் வருட நோட்டில் எழுதியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்து யூதர்கள் பகலைச் சூரிய உதயத்திலிருந்து பன்னிரண்டு மணியாகப் பிரித்தார்கள். பதினோராம் மணி என்றால் நம்முடைய சாயங்காலம் ஐந்து மணி. அந்த ஒரு பணம் ஒரு கூலிக்காரனின் ஒரு நாள் கூலி, அதாவது ஒரு குடும்பத்தின் அன்றைய அடுப்பு. ஐந்து மணி வரை சந்தையில் நின்றவர்களை ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், ஒருவரும் எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை என்கிறார்கள். சோம்பேறிகள் இல்லை, யாரும் கூப்பிடாதவர்கள். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த அம்மா கேட்கிற வரைக்கும் அது எதற்காகச் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய், போன வாரம் நான் சரியாகச் சொல்லவில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, விளக்கமாகச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எங்க மாமியா மாதிரின்னு சொல்லுங்க. கண்ணு சரியாத் தெரியாது, யாரும் பையக் குடுக்க மாட்டாங்க. காலையில இருந்து வாசல்லயே உக்காந்திருக்கும். அதுக்கும் ராத்திரி சோறு வேணும்ல?" என்றார். அதைவிட நல்ல வியாக்கியானத்தை எந்த நூலகத்திலும் நான் வாசித்ததில்லை. ஆனால் அந்த வியாக்கியானம் வருவதற்கு, ஐந்து மணி என்று ஒருவர் சரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. நான்கு வருடப் படிப்பு அதற்குத்தான் ஐயா. அது வீண் இல்லை.

படித்தால் அபிஷேகம் போய்விடும் என்கிற பேச்சுக்கும் மழுப்பாமல் பதில் சொல்கிறேன். படிப்பு அசைக்கும். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனிதன், இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகு மிருகங்கள் என்று வகுப்பில் முதன்முதலாகக் காட்டும்போது, ஞாயிறு பள்ளியில் வளர்ந்த பிள்ளைக்குக் கால் தடுமாறும். எனக்குத் தடுமாறியது. சில வாரங்கள் ஜெபமே வரவில்லை. வயதான ஆசிரியர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் உபதேசம் ஒன்றும் பண்ணவில்லை. "ஜெபம் வராவிட்டால் 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசி" என்றார். வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வார்த்தை வந்துவிடும். இது இருளிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்பதுதான் அன்றைக்கு என்னைத் தூக்கி நிறுத்தியது. நாளைக்கு உங்கள் மகன் ஒரு சாவு வீட்டுக்குள் நுழைவான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், ஏன் என்று அவனிடம் கேட்பாள். தன் சொந்த இருட்டில் ஒருநாளும் நிற்காதவன் அங்கே என்ன சொல்லுவான் தெரியுமா? உங்கள் பாவம்தான் காரணம் என்பான். அப்படிச் சொன்ன ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவருக்கு மூன்று மாதப் பயிற்சிதான். கெட்ட மனிதர் இல்லை. யாரும் அவருக்கு, பாவம் காரணமாக இல்லாமலே துன்பப்பட்ட யோபின் புத்தகத்தைச் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பேதுரு எங்கே படித்தார் என்கிறீர்கள். இயேசுவோடு ராப்பகலாகத் தங்கி, தின்று, நடந்து, திட்டு வாங்கிப் படித்தார். அப்படிப் படித்த பிறகும் அந்தியோகியாவில் தவறு செய்தார், பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார் என்று கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. பவுலோ யூத நியாயப்பிரமாண ஆசிரியர் கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்தவர். மூன்று மாதத்துக்கு இவர்கள் இரண்டு பேரையும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

வேண்டுமானால் நம்ம ஊர்ப் பக்கமே ஒரு சாட்சி உண்டு. தத்துவபோதகர் என்று தமிழர் அழைத்த ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். ரோமில் இறையியலை முழுதாகப் படித்துவிட்டு வந்தவர். இங்கே வந்து மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றையும் கற்றார். சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தவர் சிவதர்மர் என்ற பிராமணர். பிராமணத் துறவியைப் போல வாழ்ந்து போதித்த நொபிலியின் முறை சரிதானா என்று சொந்தத் திருச்சபைக்குள்ளேயே பெரிய வழக்கு எழுந்தது. நான் அழைக்கப்பட்டவன், எவன் கேட்பது என்று அவர் பிரிந்து போய்த் தனிச்சபை வைக்கவில்லை. வருடக்கணக்காக விளக்கம் எழுதிக்கொண்டு காத்திருந்தார். 1623இல் ரோமிலிருந்து சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதே வருடம்தான் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டு, சேந்தமங்கலம், சேலம் பகுதிக்கு வந்தார். அவருடைய முறையில் எனக்குக் கேள்விகள் உண்டு, குறிப்பாகச் சாதி விஷயத்தில். ஆனால் அழைப்பைச் சோதனைக்கு ஒப்புக்கொடுத்த அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன்.

அந்த ஊழியரின் சான்றிதழைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. வங்காளத்தில் உள்ள செராம்பூர் கல்லூரி 1818இல் தொடங்கி, 1827இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பட்டம் கொடுக்கும் உரிமை பெற்றது. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய கல்லூரியும் அந்தச் செராம்பூர் முறையில் வருவதுதான். அங்கெல்லாம் நூலகம் இருக்கிறது, தேர்வு இருக்கிறது, பிரசங்க வகுப்பில் சக மாணவர்களே எழுந்து நின்று குறை சொல்கிற வழக்கம் இருக்கிறது. அவரிடம் இவற்றில் எது இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பட்டறையில் மூன்று மாதம் உட்கார்ந்த பையனிடம் ஒரு கிலோ வெள்ளியைக் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்வீர்களா? வெள்ளி கெட்டால் உருக்கி எடுத்துவிடலாம்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விண்ணப்பப் படிவம் வாங்க அவசரப்படாதீர்கள். ஒரு வருடம் போகட்டும். அவன் பட்டறைக்கு வரட்டும், அல்லது வேலைக்குப் போகட்டும். உங்கள் சபை ஆயரோடு ஆஸ்பத்திரிக்கும் அடக்க ஆராதனைக்கும் போகட்டும், ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பை எடுக்கட்டும். வருட முடிவில் அவனுக்கு என்ன தோன்றுகிறது என்று அவன் சொல்லட்டும். அவனைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று சபையார் சொல்லட்டும். இரண்டும் ஒத்துப்போனால், உங்கள் சபை சேர்ந்திருக்கிற சேகரத்தின் சிபாரிசோடு அனுப்புங்கள். ஒத்துப்போகாவிட்டால் அது தோல்வி இல்லை. என்னோடு படித்தவர்களில் பலர் ஆயர்கள் ஆனார்கள். எனக்குச் சபை வேலை அல்ல, எழுத்துதான் என்று என் ஆசிரியர்களும் சபையும் கண்டு சொன்னார்கள். அன்றைக்கு அழுதேன். அவர்கள் சொன்னது சரி என்று இந்தப் பக்கத்தை எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில், "மகள்தான் எட்டு வருடமாக ஞாயிறு பள்ளியைப் பார்த்துக்கொள்கிறாள், அவளுக்கு வேதத்தில் நல்ல ஆர்வம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்கும் குருத்துவ அபிஷேகம் கொடுக்கிறது. அவளிடம் யாராவது கேட்டீர்களா?

அடுத்த கடிதத்தை நீங்கள் எழுத வேண்டாம் ஐயா. உங்கள் மகன் தன் கையெழுத்தில் எழுதட்டும், மகளும் எழுதட்டும். இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் போடுகிறேன்.