திரையில் இருப்பதைக் காதுக்கு எப்படிக் கொண்டு போவது?

கேள்வி: நானும் என் நண்பரும் கம்ப்யூட்டர், லேப்டாப், மொபைல் பற்றி ஒரு பாட்காஸ்ட் தொடங்க நினைக்கிறோம். இருவரும் வேறு வேறு ஊர். வீடியோ காலில் பேசி, அதையே பதிவு செய்து பார்த்தோம். நண்பரின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. என் பக்கம் லேப்டாப் விசிறி இரைகிறது. நல்ல மைக் வாங்கினால் சரியாகிவிடுமா? அப்புறம், நாங்கள் சொல்ல வருவதில் பாதி திரையில் காட்ட வேண்டிய விஷயம். ஆடியோவில் அதை எப்படிச் சொல்வது?

பதில்: மைக் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நண்பரின் குரலைக் கெடுத்தது வீடியோ கால்தான். இணையத்தில் சட்டென்று போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அது ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும். போதாததற்கு, பின்னணி இரைச்சலை நீக்கும்போது குரலிலும் ஒரு பகுதியை வெட்டிவிடும். எந்த மைக்கில் பேசினாலும் அந்த வழியாக வந்தால் இப்படித்தான் கேட்கும்.

ஆகவே வீடியோ கால் நீங்கள் பேசிக்கொள்ள மட்டும் இருக்கட்டும். பதிவை அவரவர் கணினியில் தனித்தனியாகச் செய்யுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். இருவரும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வது கட்டாயம். இல்லாவிட்டால் அவர் குரல் உங்கள் ஸ்பீக்கர் வழியாக உங்கள் மைக்கில் ஏறிவிடும். இரு பக்கமும் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத வேவ் கோப்பு என்று ஒரே அமைப்பை வையுங்கள். பேச்சைத் தொடங்கும் முன் மூன்று எண்ணி இருவரும் சேர்ந்து கைதட்டுங்கள். எடிட் செய்யும்போது அந்த இடத்தைப் பொருத்தினால் இரண்டு பதிவும் ஏறக்குறைய சேர்ந்துவிடும். முடிவிலும் ஒருமுறை தட்டுங்கள். இரண்டு கணினிகளின் கடிகாரமும் துளி வேறுபடும்; ஒரு மணி நேரப் பேச்சில் அது காதுக்குத் தெரியும் அளவுக்கு விலகலாம். ரிவர்சைட், ஜென்காஸ்டர் போன்ற சேவைகள் இந்தத் தனித்தனிப் பதிவை பிரவுசரிலேயே செய்து தருகின்றன.

விசிறிச் சத்தத்துக்கு மருந்து தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். விசிறி அப்படியே இருக்கும். லேப்டாப்பின் உள் மைக் விசிறியோடு ஒரே உடம்பில் இருப்பதால் அதற்கு இந்த வாய்ப்பே இல்லை. மொபைலோடு பயன்படுத்தும் ஒயர் இயர்ஃபோனின் மைக்கூடப் பெரும்பாலும் அதைவிட மேல். வாங்குவதென்றால், அருகில் பேசும் குரலையே பெரும்பாலும் பிடிக்கும் டைனமிக் வகை வாங்குங்கள். சாம்சன் க்யூ2யூ போன்றவற்றை யூஎஸ்பியில் நேரடியாகச் செருகலாம். பின்னாளில் மிக்சர் வாங்கினால் அதே மைக்கை எக்ஸ்எல்ஆர் என்ற ஆடியோ கேபிள் வழியாக அதோடு இணைத்துக்கொள்ளலாம். சாதாரண அறைக்கு, மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கை நான் சொல்ல மாட்டேன், அது அறையின் எதிரொலியையும் சேர்த்து அள்ளும். வாயிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர், சற்றே பக்கவாட்டில், மைக்கின் பின்பக்கம் லேப்டாப்பைப் பார்க்கும்படி வையுங்கள்.

முடித்த கோப்பின் ஒலி அளவை ஆப்பிள் பரிந்துரைக்கும் -16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டு வாருங்கள். உச்சம் -1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பேச்சு மட்டும் என்றால் மோனோ (ஒரே ஒலித்தடம்), 96 கேபிபிஎஸ் எம்பி3 தாராளம். ஒரு மணி நேரம் சுமார் 43 எம்பிக்குள் அடங்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தொழில்நுட்ப பாட்காஸ்ட் நிற்பதும் விழுவதும் இதில்தான். "செட்டிங்ஸ் போங்கள், இடது பக்கம் சிஸ்டம், அதற்குள் மூன்றாவது..." என்று படிப்படியாகச் சொல்வதை அடியோடு விடுங்கள். கேட்பவர் நடந்துகொண்டோ வண்டியிலோ இருப்பார். மூன்றாவது படிக்குள் தொலைந்துவிடுவார். அடுத்த அப்டேட்டில் அந்த மெனுவே இடம் மாறியிருக்கும். படிகள் பாட்காஸ்டோடு வெளியிடும் எழுத்துக் குறிப்புக்குப் போகட்டும். பேச்சில் சொல்ல வேண்டியது, ஒருவர் எதைப் பார்த்து எந்த முடிவுக்கு வர வேண்டும் என்பது.

"கணினி மெதுவாக இருக்கிறது, ராம் கூட்டலாமா?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. விண்டோஸில் எது எவ்வளவு பயன்படுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரின் பத்திகளை ஒவ்வொன்றாக வாசித்தால் யாருக்கும் பயனில்லை. இப்படிச் சொல்லலாம்: "வழக்கமான வேலையைச் செய்துகொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மெமரி எப்போதும் நிரம்பி வழிகிறதென்றால் ராம் உதவும். மெமரியில் இடம் இருந்தும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, உள்ளே இருப்பதும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், முதலில் எஸ்எஸ்டி." இதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

எண்களும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பி, பழைய சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி 550, வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி 7,000 என்று அடுக்கினால் காதில் நிற்காது. நேரமாக மாற்றுங்கள்: 50 ஜிபி கேமை வாசிக்க ஹார்ட் டிஸ்குக்கு ஐந்தரை நிமிடம், சாட்டாவுக்கு ஒன்றரை நிமிடம், என்விஎம்இக்குக் கணக்குப்படி ஏழெட்டு நொடி. இதோடு நிறுத்தினால் அது விளம்பரம். ஹார்ட் டிஸ்க் ஒரு சிறு கோப்பைத் தேடி எடுக்கவே சுமார் 10 மில்லிசெகண்ட் எடுக்கும், எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்குதான். அன்றாட வேலையில் நாம் உணரும் பெரிய தாவல் இதனால் வருகிறது. ஆகவே சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகும்போது சாதாரண வேலையில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எழுத்தில் தெளிவாக இருந்து பேச்சில் குழம்பும் பெயர்களும் உண்டு. இன்டெல்லின் கோர் அல்ட்ரா 7 ப்ராசஸர் வரிசையில் 155எச், 155யூ இரண்டும் வேகமாகச் சொன்னால் ஒன்றுபோலக் கேட்கும். முதலாவதன் அடிப்படை மின் அளவு 28 வாட், இரண்டாவதுக்கு 15 வாட். "கடைசி எழுத்தைப் பாருங்கள்" என்று நிறுத்திச் சொல்லுங்கள். ஜிகாபிட், ஜிகாபைட் இரண்டையும் முழுப் பெயரிட்டே சொல்லுங்கள். ஒரு பைட் எட்டு பிட் என்பதால், சுருக்கினால் எட்டு மடங்கு தவறு வரும். டைப்-சி கேபிளில் செருகும் முனை ஒன்றேதான், வேகம் மட்டும் 480 மெகாபிட்டிலிருந்து 40 ஜிகாபிட்டும் அதற்கு மேலும் போகும். அதனால் யூஎஸ்பி 3.2 ஜென் 2x2 போன்ற பெயர்களை விட்டு, "20 ஜிகாபிட் கேபிள்" என்று சொல்லிப் பழகுங்கள். டெர்மினல் கட்டளைகளையும் இணைய முகவரிகளையும் வாயால் சொல்லவே வேண்டாம். தவறாகக் கேட்டு அட்மின் உரிமையோடு தட்டினால் ஒருவரின் கோப்புகளே போய்விடலாம்.

செய்திகளின் பின்னால் ஓடாதீர்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே பாட்காஸ்ட் நடத்தும் இருவரால் அந்தப் பந்தயத்தில் நிற்க முடியாது. விளக்கங்கள் பல ஆண்டு கேட்கப்படும். அதனாலேயே ஒவ்வொரு பகுதியின் (எபிசோடின்) தொடக்கத்திலும் பதிவு செய்த மாதம், பேசும் மென்பொருளின் பதிப்பு இரண்டையும் சொல்லுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. "விண்டோஸ் 10லேயே இருங்கள், பரவாயில்லை" என்று அதற்கு முன் சொன்ன ஒரு பகுதியைத் தேதி தெரியாமல் இன்று கேட்பவர் நம்பிவிடுவார். பெரிய தவறு வந்தால் குறிப்பைத் திருத்துவதோடு நில்லாமல் ஆடியோ கோப்பையே மாற்றி ஏற்றுங்கள்.

முழுப் பேச்சையும் எழுத்தாக வெளியிட முடிந்தால் இன்னும் நல்லது. ஸ்டீவ் கிப்சன் 2005 முதல் பேசிவரும் செக்யூரிட்டி நவ் என்ற கணினிப் பாதுகாப்பு பாட்காஸ்டுக்கு அவருடைய தளத்தில் எழுத்து வடிவம் உண்டு. ஒரு பிழைச் செய்தியைத் தேடி வருபவர் அதைப் பேசிய பழைய பகுதியைக் கண்டுபிடிக்க அது வழி செய்கிறது. ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் உங்கள் கணினியிலேயே ஓடும், தமிழும் எழுதும். ஆனால் மாடல் பெயர்களிலும் எண்களிலும் தடுமாறும். அந்த இடங்களையாவது ஒருவர் காதால் கேட்டுத் திருத்தியே ஆக வேண்டும்.