முதியோர் இல்லத்தில் இருக்கும் பாட்டியோடு பொங்கலை எப்படிக் கழிக்கலாம்?

பாட்டி முதியோர் இல்லத்தில் இருக்கிறார், பொங்கலுக்குப் போனால் பேசுவதைத் தவிர வேறென்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெரியம்மா சேலம் பக்கம் ஓர் இல்லத்தில் ஐந்து வருடம் இருந்தார். அதை வைத்துச் சொல்கிறேன்: பண்டிகை வேலையில் ஏதாவது ஒன்றைப் பாட்டி கையில் கொடுங்கள். ஆயுசு முழுக்கப் பண்டிகையை நடத்தியவர், சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது அவருக்குக் கஷ்டம்.

பெரியம்மாவுக்கு மறதி முற்றியிருந்த சமயம் அது. காலையில் சாப்பிட்டது இட்லியா உப்புமாவா என்று தெரியாது. என்னை அம்மா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு உண்டு. முதல் நாள் இரவே ஒரு கிலோ மொச்சைக்கொட்டையை ஊறப்போட்டு, தூக்குவாளியில் எடுத்துப் போனேன். தட்டை மடியில் வைத்ததும் பெரியம்மாவின் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஓர் அழுத்து. பருப்பு வழுக்கிக்கொண்டு தட்டில் விழும், தோல் விரலில் நிற்கும். நான் பிதுக்கியது நசுங்கியது. "ஏன்டி இந்த அழுத்து அழுத்துற? நுனியில புடி" என்றார். பல நாளாக ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசாதவர். பக்கத்துக் கட்டில் அம்மாவும் வந்தார், பின்னாலேயே இன்னும் நாலு பேர். குழம்பில் கத்தரிக்காய் போடலாமா கூடாதா என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம்! சமையலறையில் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததால் மதியம் அந்தப் பருப்பிலேயே குழம்பு வைத்தார்கள்.

பெயரும் தேதியும் மறந்தவர்களுக்கும் கைப்பழக்கம் வெகுகாலம் தங்கும். உதிரிப்பூவும் நனைத்த வாழைநாரும் கொடுத்துப் பாருங்கள். குனிந்து கோலம் போட முடியாதவர் என்றால், மேசையில் கறுப்பு அட்டை விரித்துச் சாக்பீஸ் கொடுங்கள். விரல் நடுங்கினால் பாட்டி சொல்லச் சொல்ல நீங்கள் புள்ளி வையுங்கள்: 15 புள்ளி, 8-இல் நிறுத்து, இடுக்குப்புள்ளி. தாத்தாக்கள் இருந்தால் ஆடுபுலி ஆட்டம் வரைந்து கொடுக்கலாம். 3 புலி, 15 ஆடு. காய்களாகப் புளியங்கொட்டை வைத்தால் கைக்கு அகப்படாது, பெரிய சட்டைப் பொத்தான்கள் எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நர்சைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய் ஒருபக்கம் இருக்கட்டும், விழுங்கும் சிரமம்தான் எனக்குப் பெரிய பயம். வெண்பொங்கல் குழைவுதான், ஆனால் முழு மிளகும் முந்திரியும் புரையேற்றிவிடும். சிலருக்குக் கரும்புச்சாறு மாதிரித் தண்ணியாக இருப்பதும் ஆகாது.

ஒரு தீபாவளிக்கு ஆசைப்பட்டுப் பெரியம்மாவை வீட்டுக்கே அழைத்து வந்தோம். வெடிச்சத்தம், புகை, இருபது பேர் ஒரே நேரத்தில் பேச்சு. பொழுது சாய்ந்ததும் மிரண்டு போய், "என்னை ஊருக்குக் கொண்டுபோய் விடுங்க" என்று விடிய விடிய அழுதார். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது. அதனால் காலையில் போங்கள், இரண்டு மணி நேரம் போதும், ஒரே சமயத்தில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, பொங்கலன்று அன்னதானம், வேட்டி சேலை என்று வெளியாட்கள் நிறைய வருவார்கள். அடுத்த நாள் முதல் இல்லமே வெறிச்சென்று இருக்கும். முடிந்தால் காணும் பொங்கலன்று போங்கள், பெரியவர்களைப் போய்ப் பார்த்து ஆசி வாங்கும் நாள்தானே அது. போகும்போது பத்து ரூபாய் சலவை நோட்டாக ஒரு கட்டு வாங்கிப் போய், யாரும் பார்க்காமல் பாட்டி கையில் கொடுத்துவிடுங்கள். அப்புறம் பிள்ளைகளை வரிசையாகக் காலில் விழச் சொல்லுங்கள். பெரியம்மா எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் திருநீறு பூசி ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். கட்டில் விரிப்பு மாற்ற வந்த பெண்ணையும் கையைப் பிடித்து நிறுத்தி, அவளுக்கும் ஒன்று கொடுத்தார்.