ஜப்பானிய தொடர்கொலைப் படங்களில் உங்களை அதிகம் உலுக்கிய படம் எது?

யோசிக்கவே வேண்டாம், ‘க்யூர்’ தான். 1997-இல் வந்தது. இயக்கியவர் கியோஷி குரோசாவா. பெயரைப் பார்த்துவிட்டு, புகழ்பெற்ற ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் மகனா என்று கேட்பவர்கள் உண்டு. இருவரும் உறவினர்கள் இல்லை.

டோக்கியோவில் வரிசையாகக் கொலைகள் நடக்கின்றன. எல்லாச் சடலங்களிலும் கழுத்தில் பெருக்கல் குறி போல ஒரே வெட்டு. ஆனால் ஒவ்வொரு கொலையையும் செய்தவர் வேறு வேறு ஆள். பள்ளி ஆசிரியர், போலீஸ்காரர், டாக்டர் என்று எல்லோரும் சாதாரண மனிதர்கள். செய்ததை மறுப்பதில்லை, ஏன் செய்தோம் என்றுதான் அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. விசாரிக்கும் டிடெக்டிவ் டகாபேயாக கோஜி யகுஷோ நடித்திருக்கிறார். இதற்காக அந்த ஆண்டு டோக்கியோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் வாங்கினார்.

இவர்கள் எல்லோரும் கொலைக்கு முன்னால் மாமியா என்ற இளைஞனைச் சந்தித்திருக்கிறார்கள். (படம் இதைச் சீக்கிரமே காட்டிவிடுகிறது, அதனால் தயங்காமல் சொல்கிறேன்.) அவனுக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. “இது எந்த இடம்?” என்பான். பதில் சொன்னால், கொஞ்ச நேரத்தில் அதையே திரும்பக் கேட்பான். அப்புறம் மெதுவாக, “நீ யார்?” தொழிலைச் சொன்னாலும் விடமாட்டான். லைட்டர் நெருப்பு, கொட்டிக் கிடக்கும் தண்ணீர், அலுப்பூட்டும் அந்தக் குரல், அவ்வளவுதான் அவனுடைய ஆயுதம். வெறுப்பை அவன் புதிதாக ஊட்டுவதில்லை. உள்ளே ஏற்கெனவே கிடப்பதன் மூடியைத்தான் திறந்துவிடுகிறான். எனக்குப் பயம் வந்தது அங்கேதான்.

டகாபே வீட்டுக் காட்சிகளை மறக்கவே முடியவில்லை. அவர் மனைவிக்கு மனநலப் பிரச்சினை. டகாபே வேலை முடிந்து வீடு திரும்பும்போது உள்ளே துணியே இல்லாமல் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றும் சொல்லாமல் அணைப்பார். இன்னொரு நாளும் அதே சத்தம், அதே போல அணைப்பார். கோபப்படாத அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க, இவர் எவ்வளவை உள்ளே போட்டு அடக்கிவைத்திருக்கிறார் என்று பதறியது. எந்தக் கொலைக் காட்சியும் என்னை அப்படிப் பதறவைக்கவில்லை.

கேமரா பெரும்பாலும் தள்ளியே நிற்கிறது. பின்னணி இசை மிகக் குறைவு. ஒரு போலீஸ்காரர் தன்னுடன் வேலை செய்பவரைப் பட்டப்பகலில் சுடுவதைக்கூட, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பது போலத்தான் காட்டுகிறார்கள். மின்விசிறி சத்தத்தில் பாதி ஒலி காணாமல் போய்விடும், அதனால் ஹெட்போன் போட்டு ராத்திரியில் பாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். உணவகத்தில் வரும் கடைசிக் காட்சியில் டகாபேயை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அங்கே பரிமாறும் பெண்ணின் கைகளையும் கவனியுங்கள்.